அணுகுண்டும் அண்டை வீடும்



2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் நாடெங்கும் குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடத்துமாறு மத்திய உள்துறை பணித்தது. 244 மாவட்டங்கள் அதற்கெனக் குறிக்கப்பட்டிருந்தன. பெங்களூரிலும் அன்று மாலை அபாயச் சங்கு ஊதியது. பஞ்சாலையில் நெடுங்காலம் உழைத்தவனாகிய எனக்குச் சங்கொலி புதிதன்று. முதற் சங்குக்கு எழுந்து, இரண்டாம் சங்குக்கு ஆலை வாயிலில் நின்று, மூன்றாம் சங்குக்குள் பொறியருகே இருந்தாக வேண்டும் என்னும் ஒழுங்கிலேயே என் இளமை கழிந்தது. ஆயின் அன்று ஒலித்தது வேலைக்கு அழைக்கும் சங்கன்று. ஓடி ஒளிந்துகொள் என்று சொல்லும் சங்கு. எங்கே ஒளிவது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தகரக் கூரை.

அடுத்த ஞாயிறு விகாரையில் வழிபாடு முடிந்தபின் இதுவே பேச்சாயிற்று. ஓர் இளைஞர் எழுந்து, “ஐயா, அணுகுண்டு விழுந்தால் பிழைப்பதற்கு இப்போதே வழி தேடிக்கொள்வது தம்மத்துக்கு ஒத்ததா? அன்றி, எல்லாம் அநித்தியம் என்று இருந்துவிடுவதுதான் முறையா?” என்று வினவினார். நான் விடை கூற வாயெடுக்குமுன், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய உபாசிகை ஒருவர், “நான் ஒருத்தி பிழைத்து யாரிடம் போய் உப்புக் கடன் வாங்குவது?” என்றார். எல்லோரும் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. இளைஞர் கேட்டதினும் அவ்வம்மையார் கேட்டதே பெரிய கேள்வி என்று பட்டது. அன்று ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். சொன்னது எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இக்கட்டுரை.

இளைஞரின் ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அதில் சிக்கல் மிகுதியில்லை. நடப்பது நடக்கும், முயற்சியால் பயனில்லை என்பது மற்கலி கோசாலர் கொள்கை. பகவன் தம் காலத்து ஆசிரியர் பலருடன் வாதிட்டார். அவர்களுள் இம்மற்கலியின் கொள்கையைக் கண்டித்த அளவு வேறெதையும் கண்டிக்கவில்லை. அநித்தியம் என்பது கூரை ஒழுகுகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணமாகாது. அநித்தியமான கூரையாதலினாலேயே அதை வேய வேண்டியிருக்கிறது. விழிப்போடு இருங்கள் என்பதே அவர் இறுதியாகத் தம் அடியார்க்கு விட்டுச் சென்ற சொல். ஆகவே, ஆயத்தம் செய்வது தம்மத்துக்கு மாறானதன்று. யாருக்காக ஆயத்தம் செய்கிறோம், அதைச் செய்கையில் நாம் என்னவாக ஆகிறோம் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

அதற்குமுன் அணுகுண்டு என்பது யாது, அதிலிருந்து பிழைத்தல் என்பது யாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நலம். நம்மவரிடையே இது குறித்து இரண்டு மயக்கங்கள் உண்டு. குண்டு விழுந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார் என்பது ஒன்று. ஒரு மாத்திரையை விழுங்கினால் தப்பிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மேல் ஒரு குண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். மூன்று நாள் கழித்து நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேர். ஹிரோஷிமாவில் மருத்துவரும் செவிலியரும் பத்தில் ஒன்பது பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். காப்பாற்ற வேண்டியவரே காப்பாற்றப்பட வேண்டியவர் ஆயினர். ஆயினும் வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து 170 மீட்டர் தொலைவில் இருந்த ஒரு கட்டடத்தில், எய்சோ நோமுரா என்னும் அலுவலர் பிழைத்தார். எரிபொருள் பங்கீட்டு அலுவலகத்தில் பணியாற்றிய அவர், ஒரு கோப்பை எடுக்க நிலவறைக்குள் இறங்கியிருந்தார். மேல் தளத்தில் இருந்த தோழர்கள் மாண்டனர். அவர் 1982 வரை வாழ்ந்தார். தவத்தாலும் அன்று, திட்டத்தாலும் அன்று. தலைக்குமேல் கான்கிரீட் இருந்தமையால்.

தரையையொட்டி வெடிக்கும் குண்டு மண்ணையும் கல்லையும் வாரி மேலே எறிகிறது. அஃது நஞ்சேறிய தூசியாக, காற்று வீசும் பக்கமெல்லாம் இறங்குகிறது. வெடிப்பிலும் தீயிலும் தப்பியவரைப் பின்னின்று கொல்வது இத்தூசியே. ஆயின் இதன் வலிமை விரைந்து தேய்கிறது. காலம் ஏழு மடங்காகுந்தோறும் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. வெடித்த ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்றாகும்; 49 மணி நேரத்தில், அதாவது இரண்டு நாளில், நூற்றில் ஒன்றாகும்; இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்றாகும். எனவே முதல் இரண்டு நாளே உயிர்நிலை. தடித்த சுவர்களுக்குள், கூடுமானால் நிலத்தடியில், இல்லையேல் பெருங்கட்டடத்தின் நடுப்பகுதியில், சன்னல்களுக்கு விலகி இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் களைந்து தொலைவில் வைத்தாலே உடல்மேல் ஒட்டிய தூசியில் பெரும்பங்கு போய்விடும். பின் சோப்பிட்டுக் குளித்தல் வேண்டும். மூடிய கலத்து நீரும், உறையிட்ட உணவும், மின்கலத்தால் இயங்கும் வானொலியும் வேண்டும். அயோடின் மாத்திரை கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி ஒன்றையே காக்கும், வேறெதையும் காவாது.

இவ்வளவும் ஏழை எளியவரும் அறிந்துகொள்ளக் கூடியவை. அறிந்துகொண்டால் குண்டு விழுந்த நடுவிடத்தில் இல்லாவிடினும், சற்று அகன்ற இடங்களில் பல உயிர் பிழைக்கும். ஆனால் இக்கணக்கில் ஒரு சொல் நம்மை நிறுத்துகிறது. தடித்த சுவர்! தகரமும் ஓலையும் அத்தூசியின் கதிரைத் தடுப்பதில்லை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் மிக அண்மையில் உள்ள தடித்த சுவர், சாக்கடைக்கு அப்பால் எழும்பியிருக்கும் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் அடியில் இருக்கிறது. கார் நிறுத்துவதற்காகத் தோண்டிய நிலவறை. இருநூறு கார் நிற்குமாம். எங்கள் தெரு முழுவதும் அதில் அடங்கும், கார்கள் சற்றே இடம் கொடுத்தால். அதன் வாயிலில் இரும்புக் கதவும் காவலரும் உண்டு. எங்கள் தெருப் பெண்கள் காலையில் அக்கதவின் வழியே பாத்திரம் துலக்கச் செல்கின்றனர். செல்லும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். வரும்போதும் காட்ட வேண்டும்.

இக்கதவைப் பற்றிய கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்து அந்நாட்டையே கலக்கிற்று. 1961 ஜூலை 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி, பெர்லின் நெருக்கடி குறித்து நாட்டு மக்களிடம் பேசுகையில் பதுங்கறைகளுக்குப் பணம் ஒதுக்குமாறு கேட்டார். அதன்பின் வசதியுள்ளோர் தத்தம் வீட்டுத் தோட்டத்தில் பதுங்கறை வெட்டலாயினர். வெட்டாத அண்டை வீட்டார் அன்று ஓடி வந்து தட்டினால் என்செய்வது? எல். சி. மக்ஹியூ என்னும் ஏசு சபைத் துறவி, ‘அமெரிக்கா’ என்னும் கத்தோலிக்க வார இதழில் அவ்வாண்டு செப்டம்பரில் இதற்கு விடை எழுதினார். தன் மனைவி மக்களைக் காக்க ஒருவனுக்கு உள்ள உரிமை பதுங்கறை வாயிலிலும் உண்டு. உள்ளே புக முயல்வோரை வலிமை கொண்டும் தடுக்கலாம் என்பது அவர் வாதம். வாஷிங்டன் நகர ஆயர் ஆங்கஸ் டன் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அம்மாதத்திலேயே தொலைக்காட்சியில் ஒரு நாடகம் காட்டப்பட்டது. அபாய அறிவிப்பு வருகிறது. ஒரு மருத்துவர் தம் குடும்பத்துடன் பதுங்கறையில் புகுந்து தாழிடுகிறார். அதுவரை அவரோடு விருந்துண்டு களித்த அண்டை வீட்டார் கதவை இடித்துத் தகர்க்கின்றனர். பின்னர் அபாயம் பொய் என்று தெரிகிறது. குண்டு விழவில்லை; ஆனால் தெரு மடிந்துவிட்டது.

அத்துறவியைப் பழிப்பது எளிது. நான் பழிக்கவில்லை. காரணம் உண்டு. நானும் ஒரு கதவைச் சாத்தியவன்.

எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். புளோ ரூமில், பஞ்சுக் கலவைப் பகுதியில் வேலை. பேலில் ஓர் இரும்புத்துண்டு கிடந்து, பொறியின் அடிக்கோலில் பட்டுத் தீப்பொறி தெறித்துவிட்டது. பஞ்சில் தீ எப்படி ஓடும் என்பதைக் கண்டவரே அறிவர். அது எரிவதில்லை, பறக்கிறது. கலவைப் பகுதிக்கும் கிடங்குக்கும் இடையே தண்டவாளத்தில் ஓடும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. தீப் பிடித்தால் அதை இழுத்து மூட வேண்டும் என்பது விதி. கிடங்கில் தீ பரவினால் ஆலையே போய்விடும். இரவு ஷிப்டில் முந்நூறு பேர். மேஸ்திரி, “கதவை இழு!” என்று கூவினார். இழுத்தேன். மூடிய பின்னரே, பேல் அடுக்குக்கு அப்பால் ஒருவர் இருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்குப் பொறியின் வேலையைக் கற்பித்தவர். அவர் மேற்சன்னலின் கம்பியைப் பெயர்த்து வெளியே குதித்தார். இரு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின.

விதிப்படியே செய்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். அது மெய். கதவு திறந்திருந்தால் எத்தனை பேர் மாண்டிருப்பரோ! ஒன்றரை மாதம் கழித்து அவர் மருத்துவமனையிலிருந்து வந்தபின் அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் என்னை ஏசவில்லை. தேநீர் தரச் சொன்னார். புறப்படும்போது மட்டும், “தம்பி, கதவை இழுக்குமுன் ஒரு குரல் கொடுத்தாயா?” என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஒரு குரலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மூச்சு. பேல் அடுக்கிலிருந்து கதவுக்கு ஓடிவர அவருக்குப் பத்தடி. அவர் கேட்டிருப்பாரோ, வந்திருப்பாரோ, யானறியேன். நான் கூப்பிடவில்லை என்பதை மட்டும் அறிவேன். ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவரும் இப்போது இல்லை. அக்கேள்வி மட்டும் இருக்கிறது.

ஆகவே, கதவைச் சாத்துதல் எக்காலத்தும் பாவம் என்று நான் போதிக்க மாட்டேன். ஐம்பது பேருக்கு மூச்சுக்காற்று உள்ள அறையில் ஐந்நூறு பேரை அடைத்தால் ஐந்நூறு பேரும் மாள்வர். அப்படிப்பட்ட நொடி வரக்கூடும். மக்ஹியூவிடம் நான் காணும் பிழை வேறு. அவர் கேள்வியைக் கதவருகே தொடங்குகிறார். குண்டு விழுந்தாயிற்று, சங்கு ஊதியாயிற்று, அண்டை வீட்டான் ஓடி வருகிறான், இனி என்செய்வது என்று கேட்கிறார். அந்நொடியில் எவ்விடை கூறினும் குருதி படிந்த விடையே கிட்டும். அறையை வெட்டத் தொடங்கிய நாளில், சுண்ணாம்பும் செங்கல்லும் வந்து இறங்கிய நாளில், அண்டை வீட்டானைக் கூப்பிட்டாயா என்பதல்லவா முதற்கேள்வி? இருவரும் சேர்ந்து வெட்டியிருந்தால் கதவருகே வழக்கே இராது. கூப்பிட வேண்டிய காலத்தில் கூப்பிடாதவன், பிறகு சாத்த வேண்டி வந்ததே என்று வருந்துவதில் எனக்கு இரக்கம் உண்டு. என் வருத்தமும் அதுவேயாதலின். ஆனால் அதை நியாயம் என்று பெயரிட்டு அழைக்க என் நா எழவில்லை.

மற்றொரு வழியைச் சுவிட்சர்லாந்து மக்கள் காட்டினர். 1963 முதற்கொண்டு அந்நாட்டில் புதுவீடு கட்டுவோர் பதுங்கறையும் கட்ட வேண்டும், இல்லையேல் பொதுப் பதுங்கறைக்குப் பணம் செலுத்த வேண்டும் என்று சட்டம் செய்தனர். குடிமக்கள் எல்லோருக்கும் இடம் உண்டு என்பது கொள்கை. இன்று மக்கள்தொகைக்கு மேலாகவே இடங்கள் உள்ளன. லூசெர்ன் நகரில் சாலைச் சுரங்கம் ஒன்றை 20,000 பேர் தங்கும் பதுங்கிடமாகவும் 1976இல் அமைத்தனர். அதன் கதவுகள் ஒவ்வொன்றும் 350 டன் எடை. 1987இல் ஒத்திகை பார்த்தபோது அப்பெருங்கதவுகளுள் ஒன்று சரிவர மூடவில்லையாம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது; ஒரு வகையில் ஆறுதலும் உண்டாயிற்று. அவர்கள் செல்வ நாட்டினர், சிறு நாட்டினர். அவர்கள் செய்ததனைத்தையும் நாம் செய்ய இயலாது. ஆயினும், எல்லோருக்கும் இடம் என்று எழுதிவைத்துவிட்டுப் பிறகு கதவைப் பற்றி எண்ணினார்களே, அந்த வரிசை முறை நமக்குப் பாடமாகும்.

இனி, குண்டு விழுந்தபின் சமுதாயமே சிதறிவிடும், மனிதன் மிருகமாவான், ஆதலின் ஆயுதமும் அரிசியும் சேர்த்துத் தனித்திருப்பவனே பிழைப்பான் என்று சொல்வோர் இருக்கின்றனர். மேனாடுகளில் இவர்கள் பலர். நம் நாட்டிலும் இப்பேச்சு இறங்கியிருக்கிறது. ஹிரோஷிமாவில் நடந்தது இதுவன்று. ஆகஸ்டு 8ஆம் நாள், குண்டு விழுந்த இரண்டாம் நாளே, ஜப்பான் வங்கியின் கிளை அந்நகரில் திறந்தது. 9ஆம் நாள் டிராம் வண்டி ஒரு சிறு தொலைவுக்கு ஓடியது. ஆடவர் போருக்குச் சென்றிருந்தமையால் டிராம் ஓட்டவும் சீட்டுக் கொடுக்கவும் இளஞ்சிறுமியர் பயிற்றப்பட்டிருந்தனர். தோழியரைப் பறிகொடுத்த அச்சிறுமியருள் சிலர் அவ்வண்டிகளில் மீண்டும் ஏறிப் பணி செய்தனர். தொழிலாளியாகிய எனக்கு அணுகுண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி இல்லை.

ஆனால் சமுதாயம் சிதறாமல் நின்றது என்று மகிழ்வதற்கும் இல்லை. நன்மை மிஞ்சியது போலவே தீமையும் மிஞ்சியது. குண்டுக்குத் தப்பியவரை ஜப்பானியர் ஹிபாகுஷா என்பர். அவர்களுக்குப் பெண் கொடுக்கவும் அவர்களிடம் பெண் எடுக்கவும் அஞ்சினர். வேலை கொடுக்கத் தயங்கினர். நோய் தொற்றும் என்று சிலர் விலகினர். பலர் தாம் ஹிபாகுஷா என்பதையே மறைத்து வாழ்ந்தனர். இதைப் படிக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை. பிறப்பால் தீண்டாமை நம் நாட்டுச் சரக்கு. குண்டால் பிறந்த தீண்டாமை அந்நாட்டுச் சரக்கு. அவர்கள் அமைத்த நிஹோன் ஹிடான்கியோ என்னும் சங்கத்துக்கு 2024ஆம் ஆண்டு நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. எண்பது வயதைக் கடந்தபின் உலகம் அவர்களைக் கூப்பிட்டது. இன்னொன்றும் உண்டு. அக்குண்டால் மாண்டவருள் ஆயிரக்கணக்கான கொரியர் இருந்தனர். பலர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கூலிகள். அவர்களுக்கு 1970இல் நினைவுக்கல் எழுப்பியபோது, அது சமாதானப் பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில் நின்றது. பூங்காவினுள் அதனைக் கொண்டுவர 1999 ஆயிற்று. ஒரே குண்டு, ஒரே தீ. சுடுகாடு மட்டும் வேறு!

நம் நாட்டில் அணுகுண்டு விழவில்லை. ஆனால் கடல் பொங்கி வந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பின் நாகப்பட்டினம் பகுதி நிவாரண முகாம்களில் நம் மக்கள் தனியே ஒதுக்கப்பட்டதையும், தண்ணீரும் உணவும் பெறுவதில் தடுக்கப்பட்டதையும் அப்போதே செய்தித்தாள்கள் எழுதின. எல்லாவற்றையும் கொண்டுபோன அலை, தண்ணீர்த் தொட்டிக்கருகே நிற்கும் வரிசையின் ஒழுங்கை மட்டும் கொண்டுபோகவில்லை. 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியதிலிருந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது இது. ஆகவே, பேரழிவு வந்தால் எல்லோரும் சமமாவர் என்று கனவு காண்பவர் நம்முள் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. பேரழிவு புதிதாக எதையும் கற்பிப்பதில்லை; முதல் நாள் வரை பழகியதையே மறுநாளும் செய்விக்கிறது.

பழகியது நன்மையாயின் அதையும் செய்விக்கும். 1991 டிசம்பரில் காவிரி வழக்கை முன்னிட்டுப் பெங்களூரில் தமிழர்மேல் கலகம் மூண்டதை நம்முள் மூத்தோர் மறந்திரார். இரண்டு நாள் இந்நகரில் அரசும் இல்லை, சட்டமும் இல்லை. எங்கள் குடிசைகளுக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்று கூச்சல் எழுந்தபோது, எதிர்ச் சாரியிலிருந்த கன்னடக்கார அக்கா ஒருவர் வந்து, என் தாயையும் எங்களையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பதினொரு பேரைத் தம் ஒற்றை அறையில் வைத்துப் பூட்டி, வாயிலில் அரிசி புடைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். அவர் கணவர் வந்து சினந்தார் என்பது உள்ளிருந்த எங்களுக்குக் கேட்டது. “முன்னமே உம்மைக் கேட்டிருந்தால் நீர் வேண்டாம் என்றிருப்பீர், அதனால்தான் கேட்கவில்லை” என்று அவர் கன்னடத்தில் விடை கூறியதும் கேட்டது. அவர் தியாகி என்று எவரும் எழுதவில்லை. பத்தாண்டுகளாக என் தாயும் அவரும் ஒரே குழாயில் நீர் பிடித்து, முறைக்காகச் சண்டையிட்டு, உப்பும் புளியும் மாற்றிக்கொண்டவர்கள். அவ்வளவே. நம் உபாசிகை அம்மையார் உப்புக் கடன் பற்றிக் கேட்டபோது எனக்கு நகைப்பு வராததற்குக் காரணம் இதுதான்.

தனித்திருந்து பிழைப்போம் என்பாருக்கு மற்றொரு கணக்கும் உண்டு. அணுப்போரில் நகரங்கள் எரியும் புகை வானில் ஏறிக் கதிரவனை மறைக்கும், பயிர் விளையாது. இந்தியாவும் பாகிஸ்தானும் தம்முள் அணுப்போர் செய்தால் உலகில் 200 கோடிக்கு மேற்பட்டோர் பசியால் மாளக்கூடும் என்றும், அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்தால் 500 கோடிக்கு மேல் என்றும் 2022இல் விஞ்ஞானிகள் கணித்தனர். உலகில் இன்று ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன. இரண்டு வாரத்து அரிசியைப் பூட்டி வைத்தவன் பதினைந்தாம் நாள் என்செய்வான்?

இவ்விடத்தில் நம் நண்பர்களுள் சமாதான இயக்கத்தைச் சேர்ந்தோர், ‘ஆயத்தம் செய்யச் செய்யப் போர் எளிதாகத் தோன்றும், பதுங்கறை பேசுவோர் குண்டுக்குத் துணை போகின்றனர்’ என்பர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. 1980இல் பிரிட்டிஷ் அரசு, கதவுகளைச் சுவரில் சாய்த்து அதற்குள் பதுங்குமாறு கையேடு வெளியிட்டபோது அந்நாட்டு மக்கள் எள்ளி நகையாடியது நியாயமே. காக்காததைக் காக்கும் என்பது பொய், பொய்யுரையாமை நம் சீலங்களுள் ஒன்று. குண்டை ஒழிப்பதே முதற்காப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் நாடு 1974இல் நடத்திய முதற்சோதனைக்குச் ‘சிரிக்கும் புத்தர்’ என்று பெயர் வழங்குகிறது. 1998 மே 11ஆம் நாள், வைசாக பௌர்ணமியன்று, மீண்டும் சோதித்தனர். கொல்லாமையை முதற்சீலமாக வைத்தவர் பெயரைக் கொலைக்கருவிக்குச் சூட்டியதைப் பௌத்தராகிய நாம் போதிய அளவு கண்டிக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் குண்டை ஒழிக்கக் குரல் கொடுப்பவன் பக்கத்துக் குடிசைக் கிழவியை யார் தூக்கிச் செல்வது என்று எண்ணக் கூடாது என்பது எந்த நியாயம்? தீயணைப்பு வண்டி வைத்திருப்பவன் தீயை விரும்புகிறான் என்று சொல்ல மாட்டோம்.

கடைசியாக, நம் வீட்டுக் கதவு. எழுதக் கூசும் பகுதி இதுதான், எனினும் எழுதுகிறேன். நம் விகாரைக் கூடம் கான்கிரீட் கட்டடம். அதன் பின்னறை தரைக்குக் கீழே நான்கடி இறங்கியிருக்கிறது. இத்தெருவில் உள்ளவற்றுள் அதுவே தடித்த சுவர். நாம் காசு காசாகச் சேர்த்துக் கட்டியது. சங்கு ஊதிய நாளில், நம் பிள்ளைகளைத் தம் குழாயடியில் நிற்கவிடாத குடும்பத்தார் வந்து அக்கதவைத் தட்டினால்? கூட்டத்தில் இதை நான் கேட்டபோது, “நிற்கட்டும் வெளியே, நாம் நின்றோமே!” என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். என் உள்ளமும் ஒரு நொடி தலையசைத்தது, ஒளிப்பானேன்? வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர் நாம். அறிந்தவரே பிறரை நிறுத்துவதாயின், நாம் அறிந்தது பழிவாங்கும் கலையை மட்டுமே ஆகும். அதற்குத் தம்மம் தேவையில்லை, சாதியே போதும். அக்கூடத்தில் எண்பது பேர் இருக்கலாம். எண்பத்தொன்றாமவர் வரும்போது கதவு சாத்தப்படும். அவர் யாராகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்று எவரும் அறியாத இன்றே அதன் முறையை எழுதிவிட வேண்டும். முதலில் குழந்தைகள், பின் நோயாளர் என்பது போல. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளையை உள்ளே அமர்த்திவிட்டு, ஒருவன் அந்நேரத்தில் சொல்லும் தீர்ப்பு தீர்ப்பாகாது.

இவ்வாறு பேசிச் சில செயல்களைத் தொடங்கியிருக்கிறோம். தெருவில் நடக்க இயலாதோர் எத்தனை பேர், அவர்களை யார் சென்று அழைப்பது என்று பட்டியல் எழுதுகிறோம். குழாயடிச் சண்டைக்காரர் பெயரும் அதில் உண்டு. அவர்கள் வீட்டுக்கு நானே சென்று கூறினேன். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் பாட்டியின் வயதைச் சொன்னார்கள். விகாரைத் தொட்டியைக் கழுவி மூடியிட்டோம். காயத்துக்குக் கட்டுப்போட இரு பெண்கள் பயின்று வருகின்றனர். குண்டுக்கென்றே இவை வேண்டுவதில்லை. வெள்ளத்துக்கும் தீக்கும் உதவும்.

சென்ற வாரம் எங்களில் மூவர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைக் காணச் சென்றோம். அபாயக் காலத்தில் நிலவறையைத் தெருவாருக்கும் திறப்பது பற்றி ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். அவர் படித்துப் பார்த்து, கமிட்டியில் வைக்க வேண்டும் என்றார். காருக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான்; எழுதிக்கொண்டோம். வெளியே வருகையில் வாயிற்காவலர் எங்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில், “ஐயா, அந்த விஷயந்தானே? இரவுப் பணியில் சாவி என்னிடந்தான் இருக்கும். யார் யார் வருவார்கள் என்று எனக்கு ஒரு பட்டியல் கொடுத்துவையுங்கள்” என்றார். அவர் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நாங்கள் எழுதிய பட்டியலில் அத்தெரு இல்லை. வரும் ஞாயிறு அங்கே செல்கிறோம்.